தந்தை ஒன்று, நல்ல நிலையில்

நான் உத்தியோகத்தில் இருந்த முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பொய்களை அழகான கையெழுத்தில் நகல் எடுத்து மேலே அனுப்பியிருக்கிறேன். அவையெல்லாம் பிறர் சொல்ல நான் எழுதியவை. சொந்தமாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். பருத்திப்பட்டு எத்திராஜின் எருதைத் தகப்பனாக்கியது. அதற்கு எனக்கு ஒரு சொட்டு மைதான் பிடித்தது.

1937-ஆம் வருஷம். பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிய ஒரு மாந்தோப்புக்குள் பரம்பரைக் குண ஆராய்ச்சிக்கூடம் என்று ஒன்று நடந்துவந்தது. தகப்பன் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. தோப்பு ஒரு ஜமீன்தாருடையது. தன் மகன் ஏன் தன்னைப்போல் இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதை ஆராய்ந்து சொல்லும்படி உயில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அந்த மகன் எங்கள் கமிட்டியில் ஆயுட்கால அங்கத்தினர். ஆகவே அந்த ஒரு ஆராய்ச்சியைத் தவிர மற்ற எல்லாம் நடந்தன.

முக்கியமாக ஈ வளர்த்தோம். வாழைப்பழத்தை மசித்துப் புட்டியில் போட்டு, பழ ஈக்களை உள்ளே விட்டுப் பஞ்சால் அடைத்து, அவற்றின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன நிறத்தில் கண் வருகிறது என்று எண்ணுவோம். அதனால் ஊர் ஜனங்கள் எங்கள் இடத்துக்கு 'ஈ பங்களா' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆவடி ஸ்டேஷனில் வண்டிக்காரனிடம் முழுப் பெயரைச் சொன்னால் முழிப்பான். ஈ பங்களா என்றால் அவன் மாடே வழி கண்டுபிடித்துப் போகும்.

மைக்ராஸ்கோப்பு ஒன்றுதான் இருந்தது. அதில் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஈக்கு மயக்க மருந்து காட்டிக் கண்ணாடித் துண்டில் கிடத்தியதும் முதலில் டைரக்டர் பார்ப்பார். பிறகு உதவி டைரக்டர். பிறகு பதவி வரிசைப்படி மற்றவர்கள். டைரக்டர் பார்த்துவிட்டு அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் நகரமாட்டார். அந்த இரண்டு வார்த்தை முடிவதற்குள் ஈ மயக்கம் தெளிந்து எழுந்து போய்விடும். பின்னால் வருகிறவர்கள் வெறும் கண்ணாடியைக் குனிந்து பார்த்து, "ஆமாம் சார், சிவப்புக் கண்தான்" என்று சொல்லிவிட்டு நகரவேண்டும். குமாஸ்தாவாகிய நான் கடைசி. ஆறு வருஷம் சிவப்புக் கண் என்று சொல்லியிருக்கிறேன். தேநீரில் விழுந்ததைத் தவிர ஒரு ஈயையும் நான் பார்த்ததில்லை.

தேநீர் என்றதும் சொல்லவேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தின் உயிர் மைக்ராஸ்கோப்பில் இல்லை, நாலு மணித் தேநீர்க் கூட்டத்தில் இருந்தது. எந்த விஷயமானாலும் அங்கேதான் பேசவேண்டும். அங்கே பேசாதது நடக்காதது. முதலில் தேநீரும் பிஸ்கோத்தும். பிறகு முந்தைய நாள் கூட்டத்தின் குறிப்பை நான் எழுந்து நின்று வாசிப்பேன். பிறகு டைரக்டர் பேசுவார். கடைசியில் "கூட்டம் கலைந்தது" என்று நான் சொன்னால்தான் எல்லோரும் எழலாம். ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது ஆறரை மணிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

டைரக்டர் டாக்டர் ஜானகிராமன் சீமையில் படித்தவர். நல்ல உயரம், நல்ல குரல். அவர் பேச்சில் அடிக்கடி வருவது இது:

"அறிவு ரத்தத்தில் வருகிறது என்பதற்கு என் குடும்பத்தைவிட நிரூபணம் வேண்டுமா? என் தகப்பனார் இந்தக் கமிட்டியில் இருந்தார். நான் டைரக்டர் ஆனேன். என் மைத்துனன் நாகேந்திரன் உதவி டைரக்டர். அவன் வேலைக்கு விளம்பரம்கூடக் கொடுக்கவில்லை. அறிவு தானாகவே தேடிக்கொண்டு வந்துவிட்டது!"

நாகேந்திரன் தலை குனிந்து வெட்கப்படுவார். நாங்கள் கைதட்டுவோம்.

அந்த வருஷம் ஆடி மாசக் கடைசியில் டைரக்டர் மோட்டாரில் ஏரிக்கரையோரம் வந்துகொண்டிருந்தார். எதிரே எத்திராஜ் ஏர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். அவனுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு ஜோடி மாடுதான். சாம்பல் நிற மயிலை ஒன்று, செந்நிறச் செவலை ஒன்று. மயிலைக்கு ஒரு கொம்பு வானத்தைப் பார்க்கும், மற்றது பூமியைப் பார்க்கும். டைரக்டர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இந்தக் கொம்பு பிள்ளைக்கு வருமா, வராதா?" என்றார்.

எத்திராஜ் கையைக் கட்டிக்கொண்டு, "ஆருக்கு சாமி, எனுக்கா?" என்றான்.

அன்று சாயங்காலமே மயிலை எங்கள் தோப்புக்கு வந்துவிட்டது. "மூன்று நாள் கவனித்துவிட்டுக் கொடுத்துவிடுவோம்" என்று டைரக்டர் தன் வாயால் சொன்னார். பெரிய மனுஷர் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் எத்திராஜ் வீட்டில் கிடையாது. அதுவும் பரம்பரைக் குணம்தான். யாரும் ஆராயவில்லை.

வரவுச் சீட்டு எழுதவேண்டியவன் நான். அந்தச் சீட்டு ஈக்களுக்காக அச்சடித்தது. அதில் மூன்றே கட்டம்: தந்தை, தாய், சந்ததி. நான் மாட்டைப் பார்த்தேன். தாய் அல்ல என்பது தெரிந்தது. எட்டு வயது மாட்டைச் சந்ததி என்று எழுதவும் மனசு வரவில்லை. தந்தையும் அல்ல என்பதும் தெரிந்தது. உழவு மாட்டைக் காயடிக்காமல் யார் ஏரில் பூட்டுகிறார்கள்? ஆனால் தெரிந்து என்ன செய்வது? அச்சடித்த கட்டம் மூன்று. நாலாவது கட்டம் கேட்டு எழுதினால் அது மதராசுக்குப் போய் அச்சாகி வர எட்டு மாசம். மாடு மூன்று நாளில் போய்விடப்போகிறது. மிச்சமிருந்த கட்டத்தில் எழுதினேன்: தந்தை ஒன்று, நல்ல நிலையில்.

எத்திராஜ் சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

மூன்று நாள் கழித்து வந்தான். அன்று திங்கட்கிழமை. வெளியாட்கள் விண்ணப்பம் சொல்ல அனுமதி உள்ள நாள்.

"இன்னா ரைட்டரே, மூணு நாளு ஆயிப்போச்சே. மாட்ட அவுத்துக்கினு போலாமா?"

நான் அவனை நாலு மணிக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். உதவி டைரக்டர் நாகேந்திரன் விளக்கினார். கவனிப்பு நாள் என்றால் டைரக்டர் கவனித்த நாள். அவர் ஊட்டிக்குப் போயிருந்ததால் இதுவரை கவனித்தது பூஜ்யம். தவிரவும் இரண்டு நேர்க்கொம்புப் பசுக்களைப் பூந்தமல்லியிலிருந்து வரவழைத்தாகிவிட்டது. மயிலைக்கு அவற்றின் வயிற்றில் கன்று பிறந்து, அதற்குக் கொம்பு முளைத்து, அது கோணலா நேரா என்று பார்த்த பிறகுதான் மூன்றாவது நாள் முடிவடையும்.

எத்திராஜ் சிரித்துவிட்டான். அவன் அந்தக் கட்டடத்துக்குள் சிரித்தது அது ஒருமுறைதான்.

"இன்னா சாமி வெளையாடறீங்க? அதுக்கு எப்டி கன்னு பொறக்கும்? அது காயடிச்ச..."

"ஸ்ஸ்!" என்று நாகேந்திரன் எழுந்தேவிட்டார். "இங்கே பெண்பிள்ளை இருக்கிறது தெரியவில்லை?"

பெண்பிள்ளை என்றது மிஸ் ஹில்டாவை. அம்பத்தூரிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த கிறிஸ்தவப் பெண். ஈயின் கண்ணையும் இறக்கையையும் படம் வரைவது அவள் வேலை. கூட்டத்தில் பேசுவதைக் குறித்துக்கொள்வதும் அவளே. மறுநாள் அதை நான் வாசிப்பேன். அவள் தகப்பனார் வேதமுத்து பூந்தமல்லி மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அந்தப் பிராந்தியத்தில் காளையை எருதாக்குகிறவர் அவர்தான். ஏழு வயசு முதல் கயிறு பிடித்தவள் ஹில்டா. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை அவள் காதில் போடக்கூடாது என்பது சபை மரியாதை. சபையில் சொல்லாதது குறிப்பில் வராது. குறிப்பில் வராதது கிடையாது.

மறுநாள் நான் வாசித்தேன்: "மாட்டின் சொந்தக்காரர் மாட்டைப் பற்றி ஒரு சொந்த விஷயம் சொல்ல முற்பட்டார். சபை நாகரிகம் கருதி அது கேட்கப்படவில்லை."

எத்திராஜ் அடுத்த திங்கட்கிழமையும் வந்தான். அதற்கடுத்ததும். அவனுக்கு அவசரம் இருந்தது. அவன் உழுதது பூந்தமல்லி திருவேங்கடத்தாரின் இரண்டு காணி. குத்தகை. செம்பரம்பாக்கத்திலிருந்த மைத்துனனிடம் ஒரு மாட்டை நாலு நாள் இரவல் வாங்கி, பருவம் தப்பி உழுது, அந்த வருஷம் அரை விளைச்சல் எடுத்தான். திருவேங்கடத்தார் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "வர்ற ஆவணி முடியறதுக்குள்ள உன் ஏர் என் நெலத்துல ஓடணும். இல்லாட்டி பாடி ஊரு பாடிக்காரன் ஒருத்தன் இந்தக் குத்தகய கேட்டுக்கினே கீறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மைத்துனனும் இனி மாடு கிடையாது என்றுவிட்டான். இரவல் போன மாடு இளைத்துத் திரும்பியதாம்.

இதையும் எத்திராஜ் கூட்டத்தில் சொன்னான். டைரக்டர் கனிவாகவே கேட்டார்.

"எத்திராஜ், நீ ஒரு போகத்தை நினைக்கிறாய். நான் உலகத்தை நினைக்கிறேன். எங்கள் வம்சத்தில் ஐந்து தலைமுறையாக யாரும் கையால் ஒரு வேலை செய்ததில்லை. அப்படியிருந்தும் நாங்கள் கஷ்டப்பட்டோமா?"

 எத்திராஜ் வெளியாட்களுக்கான பெஞ்சியில் போய் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்குப் போனால் அவன் பெண்சாதி தாட்சாயிணி வாசலிலேயே கேட்பாள்: "மாடு எங்க? இன்னிக்கும் வெறுங்கையா?" 

ஒருநாள் மாட்டுக் காவல்காரன் சம்பத்தை மடக்கினான். "ஏன் நைனா, நீயாச்சும் சொல்லக்கூடாதா? தெனம் அது பின்னாலியே தானே கீற?"

சம்பத் அக்கம்பக்கம் பார்த்தான். "அண்ணாத்தே, வந்த அன்னிக்கே பாத்துட்டேன். ஆனா நான் எட்டாம் கிரேடு. எட்டாம் கிரேடுக்குத் தண்ணி காட்டறதுக்குத்தான் ரூலு கீது. தெரிஞ்சிக்கறதுக்கு நாலாம் கிரேடு வோணும்."

மயிலைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. டைரக்டர் பேச்சின் நடுவே கை நீட்டிக் காட்டுவதற்கு வசதியாக, நாலு மணிக்கு அதைக் கூட்ட அறை ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்து கட்டுவார்கள். மிஸ் ஹில்டா தன் பங்குப் பிஸ்கோத்தை ஜன்னல் வழியாக அதற்குக் கொடுத்துவிடுவாள். அது தின்றுவிட்டு, நான் குறிப்பு வாசிப்பதை ஒரு காதை மடித்துக் கேட்டுக்கொண்டு நிற்கும். "கூட்டம் கலைந்தது" என்றதும் சம்பத் அவிழ்த்து ஏரிக்குத் தண்ணீர் காட்ட ஓட்டிப்போவான். ஒரு வருஷத்தில் அது ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. உதவி டைரக்டரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

புரட்டாசி பிறந்ததும் பெய்த மழையில் தோப்பு வேலி ஒரு இடத்தில் சாய்ந்தது. அன்று மத்தியானம் பொன்னியம்மன் கோயில் காளை, கட்டுத்தறி இல்லாமல் ஊரெல்லாம் மேய்கிற ஆசாமி, அந்த வழியாக உள்ளே வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. சம்பத் அதை வேலிப் பதிவேட்டில் எழுதச் சொன்னான், எழுதினேன். அடுத்த மாசம் ஒரு பசு சினை என்று தெரிந்தது. அதைச் சினைப் பதிவேட்டில் எழுதினேன். வேலிப் பதிவேடு தோட்டப் பிரிவைச் சேர்ந்தது, சினைப் பதிவேடு ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது.

ஆனி மாசத்தின் நடுவில் காளைக்கன்று பிறந்தது. கோயில் காளை கறுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கன்றும் கறுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பருத்திப்பட்டில் பால்மணம் மாறாத பிள்ளைகள்கூட அதைப் பார்த்துச் சிரித்தன. டைரக்டர் சிரிக்கவில்லை. "நிறம் நம் விஷயமல்ல. கொம்புதான் விஷயம்" என்றார்.

அன்று கூட்டத்தில் கேக்கு வெட்டினார்கள். தந்தை வீட்டார் என்று எத்திராஜை நாற்காலியில் உட்காரவைத்து, பன்னீர் தெளித்து, கழுத்தில் மாலை போட்டார்கள். அவன் மாலையோடு எழுந்து நின்று, "சாமி, அதான் கன்னு பொறந்துட்ச்சே, மாட்ட உட்டுடுங்க" என்றான்.

"கொம்பு?" என்றார் டைரக்டர்.

கொம்புக்காக இரண்டு மாசம் காத்தோம். ஆவணி பிறந்து கன்றின் நெற்றியில் முளை தட்டியது. டைரக்டர் தடவிப் பார்த்தார். நாகேந்திரன் தடவிப் பார்த்தார். பதவி வரிசைப்படி எல்லோரும் தடவினோம். கன்று ஓடிவிடாமல் இருந்ததால் அந்த ஒரு தடவை கடைசி ஆளும் விஷயத்தைத் தொட முடிந்தது. இரண்டு முளையும் நேர்.

தகப்பனுக்குக் கோணல், பிள்ளைக்கு நேர். இனி முடிந்தது என்று எத்திராஜ் கயிற்றை அவிழ்க்கவே போய்விட்டான். நாகேந்திரன் தடுத்தார்.

"அவசரப்படாதே. கோணல் வந்திருந்தால் எங்கள் சித்தாந்தம் சரி. வரவில்லை, ஆகவே சித்தாந்தம் மிகவும் சரி. கோணல் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. பேரன் காலத்தில் வெளியே வரும்."

"பேரனா?" என்றான் எத்திராஜ்.

"நாலு வருஷம். ஐந்தும் ஆகலாம்."

எத்திராஜ் என் மேசைக்கு வந்து அந்தச் சீட்டை இடுப்பிலிருந்து எடுத்து வைத்தான். வேர்வையில் நைந்து நாலு துண்டாயிருந்தது. "ரைட்டரே, இதுல இன்னாதான் எழுதிக் கீது? எனுக்குப் படிக்கத் தெரியாது. ஒருவாட்டி படிச்சிச் சொல்லேன்" என்றான்.

நான் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்தேன். அவன் துண்டுகளைக் குனிந்து பார்த்தான். பிறகு, "நீ எழுதினதுதானா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். துண்டுகளைப் பொறுக்கி மறுபடியும் மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனான். ஆவணி முடிய ஒன்பது நாள் இருந்தது.

ஆவணி முப்பதாம் தேதி கமிட்டி கூடியது. டைரக்டர் எழுதிய கட்டுரையைச் சீமைக்கு அனுப்ப அனுமதி தரவேண்டிய கூட்டம். கமிட்டித் தலைவர் ஒரு வெள்ளைக்காரக் கர்னல். பட்டாளத்தில் குதிரை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பரங்கிமலையில் இருந்ததால் சமையல்காரனிடம் பேசும் தமிழ் அவருக்கு வரும். கட்டுரையின் முகப்பில் போடுவதற்காக மயிலையின் முழு உருவத்தையும் பக்கவாட்டில் வரையும்படி மிஸ் ஹில்டாவுக்கு உத்தரவாகியிருந்தது. அவள் நாலு நாள் மாட்டின் எதிரே உட்கார்ந்து வரைந்தாள்.

நாலு மணிக்குத் தேநீர் ஆனதும் படத்தின் மேலிருந்த துணியை டைரக்டர் விலக்கினார்.

படம் வெகு அழகு. ஒரு கொம்பு மேலே, ஒரு கொம்பு கீழே. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. கர்னல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். கொம்பில் ஆரம்பித்து வால்வரை வந்தார். பிறகு கொஞ்சம் கீழே வந்து அங்கேயே நின்றுவிட்டார்.

"மிஸ்ஸி," என்றார், "இந்தப் படம்... பாக்கி இருக்கா?"

ஹில்டா எழுந்தாள். "இல்லை சார். முடிஞ்சிடுச்சு."

டைரக்டருக்கு முகம் சிவந்தது. தாழ்ந்த குரலில், "மிஸ் ஹில்டா, கூச்சப்பட்டு எதையும் விடவேண்டாம். ஆராய்ச்சிக்காக முழுசாக வரையலாம்" என்றார்.

"இருக்கிறதை வரைஞ்சிட்டேன் சார். இல்லாததை எப்படி வரைவேன்? அது காயடிச்ச மாடு. எங்க அப்பாதான் செஞ்சார். நான்தான் கயிறு பிடிச்சேன்."

ஒரு வருஷமாகச் சபைக்கு வெளியே நின்றிருந்த அந்த வார்த்தை உள்ளே வந்து உட்கார்ந்தது.  பெஞ்சியில் எத்திராஜும், அன்று அவனோடு வந்திருந்த தாட்சாயிணியும் இருந்தார்கள். எத்திராஜ் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான். ஹில்டாவையா, பொன்னியம்மனையா தெரியவில்லை. கர்னல் ஜன்னலண்டை போய் மாட்டையே குனிந்து பார்த்துவிட்டு வந்து, "எருது" என்றார்.

எனக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. நாலாவது கட்டம் இனி அச்சாகிவிடும் என்று நினைத்தேன்.

டைரக்டர் நிமிர்ந்தார். ஒரு வாய் தேநீர் குடித்தார். அவர் அறிவு ரத்தத்தில் வந்தது என்று நான் நம்பியது அந்த ஒரு நிமிஷம்தான்.

"கனவான்களே!" என்றார். "தந்தை காயடிக்கப்பட்டது. மகன் முழுசாக இருக்கிறான். இதன் பொருள் என்ன? உடம்புக்கு வெளியிலிருந்து நேரும் ஊனம் பிள்ளைக்கு வருவதில்லை! சீமையில் ஒரு விஞ்ஞானி ஆயிரக்கணக்கான எலிகளின் வாலை வெட்டி வெட்டி இதை நிரூபிக்க வேண்டியிருந்தது. நாம் ஒரே மாட்டில் நிரூபித்துவிட்டோம்!"

ஜமீன்தாரின் மகன் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும். கர்னல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நாகேந்திரன் அவர் தட்டில் இன்னொரு துண்டு கேக்கு வைத்துவிட்டார்.

"ஆகவே இந்தத் தந்தை முன்னைவிட மதிப்பு வாய்ந்தது" என்று டைரக்டர் முடித்தார். "இதன் பேரன் பேத்திகளும் முழுசாகப் பிறக்கின்றனவா என்று பார்க்கும்வரை இந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது."

எத்திராஜின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. அப்போதுதான் தாட்சாயிணி எழுந்தாள். அவளுக்கு அது முதல் கூட்டம், ஆகவே முறை தெரியாது.

"தொரே, ஒண்ணு கேக்கறேன். மாட்டுக்கு ஒண்ணும் இல்லாமலே கன்னு பொறந்துதுன்றீங்க. சரி. அப்பொ மாடு இன்னாத்துக்கு?"

"அம்மா, பதிவேட்டில் தந்தை இருக்கவேண்டும்."

"இருக்கட்டுமே! ஆரு வேணான்னது? பேர நீங்களே வெச்சிக்குங்க. அதுக்கு வருசத்துக்குப் பத்து கன்னுகூட எழுதிக்குங்க, எங்குளுக்கு ஆட்சேபண இல்ல. ஒடம்ப மட்டும் நாங்க ஓட்டிக்கினு போறோம். அதாலத்தான் உங்குளுக்கு ஒண்ணும் ஆவலியே!"

டைரக்டர் நாகேந்திரனைப் பார்த்தார். நாகேந்திரன் பதிவேட்டைப் பார்த்தார். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், தொழுவம் வேண்டும், சம்பத் வேண்டும். பேருக்கு எதுவும் வேண்டாம். கன்றும் கேட்டபோதெல்லாம் பிறக்கும். பத்து நிமிஷம் காதோடு காதாகப் பேசினார்கள்.

"சித்தாந்தப்படி ஆட்சேபணை இல்லை" என்றார் டைரக்டர்.

நான் "கூட்டம் கலைந்தது" என்று சொல்லி முடிப்பதற்குள் தாட்சாயிணி கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் ஆவணி கடைசி. எனக்கு மனசு கேட்கவில்லை. தலைவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டு எத்திராஜின் நிலத்துக்குப் போனேன். மயிலையும் செவலையும் ஏரில் இருந்தன. எத்திராஜ் விடியலில் பூட்டியவன் மேழிப் பிடியை விடவேயில்லை. மயிலை பழக்கம் மறக்காமல் இழுத்தது. மத்தியானத்துக்குள் கால் காணிக்குமேல் மண் புரண்டு கறுப்பாகக் கிடந்தது. எத்திராஜ் என்னைப் பார்த்தான். போ என்று சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் பூந்தமல்லியிலிருந்து திருவேங்கடத்தார் வண்டியில் வந்து இறங்கினார். அவர் வரப்பில் ஏறியதும், உழவுச்சாலின் நடுவில் மயிலை நின்றுவிட்டது. எத்திராஜ் அதட்டினான், தட்டினான், வாலை முறுக்கினான். அது ஏரிக்கரைப் பக்கம் திரும்பி, ஒரு காதை மடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. நான் பாக்கெட் கடியாரத்தை எடுத்துப் பார்த்தேன். மணி நாலு.

"இதான் நீ ஓட்டற ஏரா?" என்றார் திருவேங்கடத்தார். "பூட்டி வெச்சி வேடிக்க காட்டறியா? பாடிக்காரன நாளைக்கு வரச் சொல்லிடறேன்."

எத்திராஜின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் மாட்டின் முன்னால் போய் நின்று, "மயில, காலுல உழறேன்டா, நட்றா" என்று கெஞ்சினான். என் சட்டைப்பையில் முந்தைய நாள் கூட்டத்துப் பிஸ்கோத்து இரண்டு இருந்தது. சேற்றில் இறங்கி ஓடினேன். கொடுத்தேன். தின்றது. தின்றுவிட்டு மறுபடியும் காதை மடித்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. முழங்கால் சேற்றில் நிமிர்ந்து நின்று, மாட்டைப் பார்த்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன்: "சென்ற கூட்டத்தின் குறிப்புகள் வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டன. டைரக்டர் அவர்கள் பரம்பரையின் பெருமையைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். உதவி டைரக்டர் அவர்கள் அதை ஆமோதித்தார்கள். வேறு விஷயம் எதுவும் இல்லாததால் கூட்டம் கலைந்தது."

மயிலை ஒரு பெருமூச்சு விட்டு நடந்தது. அதோடு செவலையும் நடந்தது. கலப்பை மண்ணைக் கிழித்துக்கொண்டு போயிற்று. திருவேங்கடத்தார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஏரைப் பார்த்தார். "சர்க்காரு ஆளா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வண்டி ஏறிப் போய்விட்டார். பாடிக்காரன் வரவில்லை.

அன்று முதல் தினம் நாலு மணிக்கு எத்திராஜ் ஏரை நிறுத்திக் குறிப்பு வாசிக்கவேண்டியதாயிற்று. படிக்கத் தெரியாதவன். ஆனால் ஒரு மாசத்தில் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் ஆகிவிட்டது, எங்கள் டைரக்டரின் தோரணை உள்பட. பிஸ்கோத்துக்குப் பதில் தாட்சாயிணி வெல்லம் கொடுத்தாள். மயிலை ஆட்சேபிக்கவில்லை.

பதிவேட்டு மயிலையும் சும்மா இருக்கவில்லை. வருஷத்துக்கு நாலு, ஐந்து என்று கன்றுகளை எழுதிக்கொண்டே வந்தேன். எல்லாம் முழுசாகப் பிறந்தன. கட்டுரை சீமைக்குப் போயிற்று. மிஸ் ஹில்டாவின் படத்தில் கொம்புப் பாகத்தை மட்டும் வெட்டிச் சேர்த்திருந்தார்கள். அவள் அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டுப் பூந்தமல்லி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகப் போய்விட்டாள்.

1945-இல் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. முப்பத்துமூன்று சந்ததிகளை அளித்த தந்தையைக் கூட்டத்துக்கு வரவழைத்து மாலை போட்டுக் கௌரவிக்கவேண்டும். எத்திராஜுக்கு ஆள் போயிற்று. அவன் ஒரு திங்கட்கிழமை தனியாக வந்து, பழைய பெஞ்சிக்குப் பக்கத்தில் நின்றான். தலை முழுக்க வெளுத்திருந்தது. டைரக்டர் மேசைமேல் ரோஜா மாலை இருந்தது.

"மாடு எங்கே?" என்றார் டைரக்டர்.

"செத்துப்போச்சு சாமி. ரெண்டு வருசம் ஆவுது. நாந்தான் ஏரிக்கரையாண்ட பொதச்சேன்."

டைரக்டர் பதிவேட்டைப் புரட்டினார். "போன வருஷம் நாலு கன்று இருக்கிறதே! நிலை என்ற இடத்தில் 'நல்ல நிலையில்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதே!"

எத்திராஜ் என்னைப் பார்த்தான். நான் மைக்கூட்டைப் பார்த்தேன்.

நாகேந்திரன் குனிந்து டைரக்டர் காதில் என்னவோ சொன்னார். டைரக்டர் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எத்திராஜ், இதில் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது. மூன்று நாள் கவனிப்போம்."

எத்திராஜ் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏருக்குப் பக்கத்தில் நின்று மாட்டுக்குச் சொல்லுகிற அதே குரலில், சுத்தமான எழுத்துத் தமிழில் சொன்னான்:

"வேறு விஷயம் எதுவும் இல்லாததால் கூட்டம் கலைந்தது."

டைரக்டர் எழுந்தார். நாகேந்திரன் எழுந்தார். ஜமீன்தாரின் மகன் எழுந்தார். பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். கடைசியாக நான் பேனாவை மூடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எத்திராஜ் ஏரிக்கரைமேல் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான், ரோஜா மாலை அவன் கையில் இருந்தது.